முனியாண்டிக்கு ஊற்றாத விஸ்கி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். அதைத் துண்டு துண்டாக விற்கப்போகிறார்கள் என்று முடிவானதும் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். எழுபதுகளின் கடைசி அது. போகிற மாதத்தில் பங்களாவில் வேலை செய்த எல்லோருக்கும் ஏதாவது கொடுத்தார். சமையல்காரருக்கு ஐஸ்பெட்டி. தோட்டக்காரருக்குச் சைக்கிள். ஆயாவுக்குத் தையல் மிஷின். என் வீட்டுக்காரர் அவருக்கு ஜீப்பு ஓட்டினவர். எங்களுக்கும் ஒரு கட்டிலோ அலமாரியோ கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கொடுத்தது ஒரு போத்தல் விஸ்கி.

அதையும் சும்மா கொடுக்கவில்லையாம். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாராம். என் வீட்டுக்காரர் போத்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு லயத்து வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"தனக்குன்னு எடுத்து வச்சிருந்தாராம் புள்ள. உனக்குத் தாரேன்னு சொல்றாரு. எப்படி வேணாம்னு சொல்றது?"

"நான் குடிக்கிறதில்லைன்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

துரைக்கு எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. தெரியாத மனுசனைத் திட்டி என்ன பிரயோசனம்? ஆனாலும் நான் திட்டினேன். அடுப்படியில் நின்று, காது கேட்காத தூரத்தில் இருக்கிற வெள்ளைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கதை இதுதான். என் வீட்டுக்காரர் குடித்தால் அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கும் கை இருக்கிறது. அவர் குடித்தால் கரைந்துபோவார். சிரிப்பார், அழுவார், ரோட்டில் போகிறவனை எல்லாம் அண்ணே என்று கட்டிப் பிடிப்பார். அப்புறம் எங்கேயாவது விழுந்து கிடப்பார். ஒருநாள் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைப் போட்டுவிட்டு, எங்கள் மகளை மோட்டோவின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தவர், வண்டியோடு லோங்காங்கில், ரோட்டோரச் சாக்கடையில், இறங்கிவிட்டார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைக்கு வலது கை முறிந்தது. கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்தது, ஆனால் வளைந்து சேர்ந்தது.

கட்டுப் பிரித்த அன்றைக்கே மொட்டை போட்டுக்கொண்டு தோட்டத்து முனியாண்டி கோயிலில் போய் விழுந்தார். இனி ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணினார். பூசாரி அவர் கையில் காப்புக் கட்டினார். நான் நம்பவில்லை. ரொம்ப நாள் அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாயை முகர்ந்து பார்ப்பேன், அவரும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவார். பிறகு நம்பிவிட்டேன். முகர்வதை விட்டேன். அந்த வருசங்கள்தான் நான் வாழ்ந்த வருசங்கள், சும்மா சொல்லக்கூடாது.

ஒரே ஒரு தடவைதான் பயந்தேன். துரைக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து கிளாசில் கொஞ்சூண்டு ஊற்றுவார். குடிக்க மாட்டார். வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்ப்பார், மூக்கை உள்ளே விட்டு முகர்வார், கரண்டியால் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார், மறுபடி முகர்வார். அதற்கே அரை மணி நேரம் ஆகும். ஒருநாள் ஜீப்புக் கழுவிக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு, நீயும் மோந்து பார் என்று கிளாசை நீட்டியிருக்கிறார். இவர் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். வந்து என்னிடம் சொன்னார்:

"சம்சு மாதிரி மூக்கைக் குத்தல லா. கிஸ்மிஸ் பழத்த மரப்பொட்டியில ஊற வச்சு, ரொம்ப நாள் கழிச்சுத் தொறந்தா எப்படி இருக்கும், அப்படி."

சொல்லும்போது அவர் கண் எங்கேயோ இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சாப்பாட்டையும் அவர் அப்படி ரசித்துச் சொன்னதில்லை. அந்தச் சாமான்தான் இப்போது என் வீட்டுக்கே வந்துவிட்டது.

விற்றுவிட முடியாது. துரை இன்னும் பங்களாவில் இருக்கிறார், சீனன் கடையில் கொடுத்தால் மறுநாளே அவர் காதுக்குப் போய்விடும். நான் போத்தலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது கையில் தட்டுப்படும். எங்கே வைத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். கேட்காத மனுசனிடம் என்ன சண்டை போடுவது?

ஒரு மத்தியானம் அவர் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு லோங்காங் வரைக்கும் போனேன். மூடியில் கையையும் வைத்துவிட்டேன். ஊற்றிவிட்டு வந்தால் இவர் என்ன செய்வார்? போனது நல்லது என்பாரா, இல்லை முகம் சுருங்கிப்போவாரா? சுருங்கிப்போனால் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருசம் கட்டிக் காத்ததெல்லாம் வெறும் காப்புக் கயிறுதானா என்று தெரிந்துபோய்விடுமே. போத்தலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அரிசி டின்னுக்குள்ளேயே போட்டேன்.

கடைசியில் வழி சொன்னது அவர்தான். தோட்டத்துச் சனம் கலைவதற்கு முன்னால் முனியாண்டிக்குக் கடைசியாக ஒரு படையல் போட எல்லோரும் முடிவு பண்ணியிருந்தார்கள். பாதிப் பேர் கமுந்திங் பக்கம் பேக்டரி வேலைக்கு, மீதிப் பேர் ஈப்போவுக்கு. நாங்கள் ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் வீடு பார்த்திருந்தோம். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"அந்தப் போத்தல முனியாண்டிக்கே குடுத்துருவோம் புள்ள. நம்மளுக்கு வேணாம்லா."

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சந்தோசம்! எங்கள் கோயில் வழக்கம் அது. சாராயம் படைத்தால் பூசாரி மூடியைத் திறந்து சூலத்தடியில் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிடுவார். மண் குடிக்கும், மனுசன் குடிக்க முடியாது. இதைவிட நல்ல முடிவு எனக்குத் தோன்றியிருக்குமா? அன்றைக்கு அவருக்கு நெத்திலிக் கருவாடு கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தேன்.

படையல் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில். கிடாய் வெட்டியாகிவிட்டது. உருமி மேளம் ஓய்ந்துவிட்டது. முனியாண்டி பெரிய மீசையும் உருட்டு விழியுமாக, வாயில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். நானும் மகளும் முன்னாலேயே நின்றோம். பூசாரி போத்தலைச் சாமி காலடியில் வைத்துச் சூடம் காட்டிவிட்டு மூடியைத் திருகினார். தக்கை 'டொப்' என்று வந்தது. ஊற்றக் குனிந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"ஓய் பூசாரி, நில்லும்! என்ன விசர் வேலை பார்க்கிறீர்?"

கிராணி ஐயா. தோட்டத்து ஆபிசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனுசன். மரியாதைக்காக வருசா வருசம் வந்து குடை பிடித்து நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்குத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து போத்தலில் ஒட்டியிருந்ததைப் படித்தார்.

"இது என்ன சாமான் என்று தெரியுமோ? ஸ்பெயின் தேசத்துத் திராட்சை வைன் கிடந்த பீப்பாவுக்குள்ள இந்த விஸ்கியை விட்டு, வருசக்கணக்கா மூடி வச்சிருக்கிறாங்கள். மரம் குடிச்ச வைன் திரும்ப இதுக்குள்ள இறங்கியிருக்கு. நிறத்தைப் பாரும்! இதைக் கொண்டுபோய் மண்ணில ஊத்துறதோ?"

"வழக்கம் ஐயா..." என்று பூசாரி இழுத்தார்.

"சாமி பார்த்தாச்சுதானே. சனத்துக்குக் குடும்."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே சத்தம். "ஆமா பூசாரி, பெரசாதமா குடுங்க! கடைசிப் படையல் லா!" பூசாரி பாவம், என்ன செய்வார்? போத்தலைப் பித்தளைச் செம்பில் கவிழ்த்தார். தீர்த்தக் கரண்டியை எடுத்தார்.

வரிசை நின்றது. முதலில் கிராணி ஐயா. உள்ளங்கையில் வாங்கி, துரை மாதிரியே முகர்ந்து, மற்றவர்களுக்கும் பாடம் எடுத்தார். "மடக்கென்று விழுங்காதேயுங்கோ. மோந்து பாருங்கோ முதல்ல." சம்சுவைத் தவிர வேறு எதையும் காணாத ஆட்கள் ஆளுக்கொரு கையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்ற காட்சி இருக்கிறதே, வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"வெல்லம் கருகின வாசம் அடிக்குது மச்சான்."

"இல்லலா, கிராம்பு."

"நம்ம ரப்பர் கொட்டாய்ப் பொகை மாதிரியும் கொஞ்சம் இருக்கு."

"தொண்டையக் கிழிக்கவே இல்லையே! தேனு கணக்கா எறங்குது."

என் வீட்டுக்காரர் வரிசையில் நிற்கவில்லை. சூலத்துக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். பூசாரியே அவர் முன்னால் போய் நின்றார். படைத்தவன் வாங்காமல் இருக்கலாமா? பூசாரி கரண்டியை நீட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை. காப்புக் கட்டினவர் அவர்தானே. அதற்குள் யாரோ சொன்னார்கள், "பெரசாதம்ணே. இது குடி ஆவாது."

சளிப் பிடித்தவர்கள் தீர்த்தம் வாங்கினால் குடிக்க மாட்டார்கள், கண்ணில் ஒற்றித் தலையில் தடவிக்கொள்வார்கள். அது தப்பில்லை. 'தலையில தடவிக்குங்க!' என்று கத்த வேண்டும் எனக்கு. அத்தனை பேர் முன்னால், சாமி முன்னால், ஒரு வார்த்தை வரவில்லை. வாயாடி என்று தோட்டம் முழுக்கப் பெயரெடுத்தவள் நான். சீ, என்ன வாய் இது!

அவர் இடது கை மேல் வலது கையை வைத்து நீட்டினார். வாங்கினார். மூக்கருகில் கொண்டுபோய் அப்படியே நின்றார். பிறகு குடித்தார். ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார்.

ஒரு கரண்டிதான். ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடும்? பிரசாதம், சாமியே கொடுத்தது, சத்தியத்துக்குக் கணக்கில்லை. இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். போய்விட்டது கண்டம் என்று மூச்சு விட்டேன்.

ஆண்கள் இலை போட்டிருந்த இடத்துக்குக் கறிச்சோறு சாப்பிடப் போனார்கள். பூசாரி பெண்கள் பக்கம் வந்தார். பிள்ளை பெற்றால் கோழிச் சாற்றோடு பிராந்தி குடிக்கிற பெண்கள்தான் நாங்கள், அதனால் யாரும் வெட்கப்படவில்லை. என் கையிலும் ஒரு கரண்டி விழுந்தது. குடித்தேன்.

அடக் கடவுளே! அவர் சொன்னது அத்தனையும் இருந்தது. கிஸ்மிஸ் பழம், ஊறின மரம், அடியில் ஒரு இனிப்பு, விழுங்கின பிறகும் நாக்கை விட்டுப் போகாத ஒரு சூடு. கசக்கும் என்று நினைத்திருந்தேன். கசந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! சம்சு நாறும், அதைக் கரித்துக் கொட்டலாம், அதோடு மல்லுக்கட்டலாம். இவ்வளவு நன்றாக இருக்கிற ஒன்றோடு ஒரு பொம்பளை என்னத்தைச் சண்டை போடுவாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தேடினேன். சாப்பாட்டுப் பந்தியில் இல்லை. சூலத்தடியில் இல்லை. மகள்தான் என் சேலையை இழுத்துக் காட்டினாள். பெண்கள் வரிசையின் கடைசியில், கமுந்திங் போகிற கிழவிக்குப் பின்னால், அவர் நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. கை மட்டும் முன்னாலேயே நீட்டியிருந்தது.

பூசாரி அவரிடம் வந்ததும் அவரைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். செம்பில் இன்னும் இருந்தது.

"ஏம்மா, அப்பா ஏன் நம்ம வரிசையில நிக்கிறாரு?" என்று மகள் கேட்டாள்.