அரை வினாடி நடவு

கேமராவில் ஷட்டரை அரை வினாடி திறந்து வைத்தால் அசைவதெல்லாம் புகையாகக் கலையும். அதுதான் கலை என்று நினைத்த மேதாவி நான். நன்னிலத்தில் எங்கள் வயல் நடவை அப்படித்தான் எடுத்தேன். சேற்றில் கால் வைக்காத போட்டோ கிளப் மேதைகள் "கவிதை!" என்று உருகினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

நடவு நட்ட செல்வியக்காவிடம் பெருமையாகப் படத்தை நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் தம்பி, நட்ட எங்களையெல்லாம் காணோம்? வரப்புல சும்மா நின்ன உங்கப்பா மட்டும் பளிச்சுன்னு இருக்காங்க!"

படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான்.

அடுத்த நடவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். விரல், நாற்று, தெறிக்கும் சேறு எல்லாம் துல்லியமாக விழுந்தன. அப்பா அதிலும் சும்மாதான் நின்றார். எதிர் வரப்பில், கேமராவோடு நானும்.