கலட்டின் கண்காட்சியில் குகதாசன்

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ஊர் நூலகத்தில் ஆல்பேர்ட் கலட்டினைப் பற்றிய கண்காட்சி நடந்தது. ஜெனீவாவில் பிறந்து, பத்தொன்பது வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் அமெரிக்காவுக்குப் போய், அங்கே நிதியமைச்சரானவர். யார் உதவியோடு போனார், ஏன் போனார் என்று எந்தப் பலகையும் அவரைக் குடையவில்லை. கொடுத்து வைத்தவர்.

நிறைவு நாளில், நாடு மாறி வந்த ஒருவர் பேசவேண்டும் என்று நூலகர் பிரிகிட்டா விரும்பினார். காரைநகரிலிருந்து அகதியாய் வந்து, வருடக்கணக்காய் உணவகங்களில் கோப்பை கழுவி, இப்போது அந்த நூலகத்தில் புத்தகம் அடுக்கும் குகதாசனைக் கேட்டார். அவரும் மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கதைக்கத்தானே கேட்டவை, அப்பா. ஏன் நடுங்குறியள்?" என்றாள் மகள் சாருஜா.

"அண்டைக்கு அகதி விசாரணையில சொன்னதுக்கும் இண்டைக்குச் சொல்லுறதுக்கும் ஒரு சொல் மாறினாலும் பிடிச்சிடுவாங்கள், பிள்ளை."

"உங்களுக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைச்சே எத்தினை வருசம்!"

அது அவர் காதில் ஏறவில்லை. மேடையில், விசாரணையில் சொன்னதையே சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார். முன்வரிசையிலிருந்த ஒரு முதியவள், "எந்த மாதம் புறப்பட்டீர்கள்?" என்று அன்பாய்த்தான் கேட்டாள். அவர் விசாரணையில் சொன்ன மாதத்தை விரல்விட்டுத் தேடினார். பிரிகிட்டா தண்ணீர் கொண்டுவந்தார். விசாரணையன்றும் இப்படித்தான் தண்ணீர் கொடுத்தார்கள்.

"டிசம்பர்," என்றார், ஒருவழியாக.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிரிகிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பூங்கொத்தை நீட்டினார். குகதாசன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஜெர்மன் மொழியில் கேட்டார்:

"முடிவை எப்போது அறிவிப்பீர்கள்?"