இன்னும் ஒரு கை சோறு

நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊரில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். இரண்டாவது பிரசவத்தில், குழந்தையின் தலை பெரிதாக இருந்து வெளியே வராமல், கோவில்பட்டிக்குப் போகும் வண்டியிலேயே என் மனைவி இறந்துபோனாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது அந்த வண்டிதான் என் கண்முன் நின்றது.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதத்திலிருந்து சோற்றைக் குறைப்பார்கள். பிள்ளை சிறுத்தால் சுலபமாகப் பிறக்குமாம். படித்த நான் அதை மற்றவர்களைவிடக் கறாராகச் செய்தேன். பானையருகே உட்கார்ந்து நானே பரிமாறினேன்.

"எப்பா, இன்னும் ஒரு கை. வயிறு காந்துது."

"போதும்ட்டி. புள்ள பெருத்துட்டா கஷ்டம்."

ஒருநாள் கொல்லையில் கரிசல் மண்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மசக்கை என்று நினைத்தேன். பசி என்று தோன்றவில்லை.

ஊருக்கு வரும் நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு முறைத்தார். "என்ன சார், பட்டினி போடுதீங்களா?"

"சின்னப் புள்ளைன்னா லேசா வந்துரும்லா."

"லேசா வர அது என்ன கத்திரிக்காயா? பாடம் நடத்துற ஆள் பேசுற பேச்சா இது?"

நான் கேட்கவில்லை. பேத்தி சுலபமாகத்தான் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. தெருவுக்கே பூந்தி கொடுத்தேன்.

பதினைந்து வயதில் அவள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை. ஒல்லிப் பெண். கோவில்பட்டி டாக்டர் முதலில் கேட்டது பிறந்தபோது இருந்த எடையைத்தான். வயிற்றிலேயே பட்டினி கிடக்கும் குழந்தையின் உடம்பு பஞ்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்றார். மரபணு மாறாது, அதில் எது எவ்வளவு வேலை செய்வது என்பது மாறிப்போகலாம். பிறகு வயிறார உண்ணும்போது அந்த உடம்பு திணறும். "கர்ப்பிணிக்குச் சோறு போடுறதுதான் பிள்ளைக்கு முதல் வைத்தியம். ஆனா இவளுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார்." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தப்ப எனக்கு மனம் வரவில்லை.

அன்று மதியம் அடுப்படியில் மகளிடம், "நான்தாம்மா காரணம். உன்னைப் பட்டினி போட்டேன்" என்றேன்.

அவள் பேத்தியின் தட்டில் அளந்து சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அந்த மண்ணு ருசி இன்னும் நாக்குல இருக்குப்பா" என்றாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போனாள்.

பேத்தி தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "தாத்தா, அம்மா போட மாட்டாவ. நீங்க இன்னும் ஒரு கை போடுங்க."

கரண்டியைப் பானைக்குள்ளேயே போட்டு மூடினேன்.