மச்சினனை டீமில் எடுப்பதா, வேண்டாமா

எங்கள் ஃபுட்பால் டீமில் வலது விங்கில் ஓடிக்கொண்டிருந்தவனுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், நாங்களும் பட்டோம். ஆனால் வால்பாறையில் மே மாதம் நடக்கும் செவன்ஸ் பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்தன. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம் அது. அதில் ஓடக்கூடிய ஆள் ஒருவன் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கருமத்தம்பட்டியில் எங்களுடையது பேர் வாங்கிய டீம் ஒன்றும் இல்லை. தறிக்குடோன், லேத் பட்டறை, செல்போன் கடை என்று ஆளுக்கொரு பிழைப்பு. சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவோம். நான் ஆடுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. இப்போது மேனேஜர் என்று ஒரு பட்டம். பந்துக்குக் காற்றடிப்பது, தண்ணீர் கேன் தூக்குவது, ஆட்டத்தன்று எலுமிச்சம்பழம் நறுக்குவது எல்லாம் அந்தப் பட்டத்தோடு வந்தவை.

பயிற்சி முடிந்ததும் அவினாசி ரோட்டு பேக்கரியில் டீ குடிப்போம். அங்கேதான் பேச்சு ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் எங்கள் கோல்கீப்பர். செல்போன் கடை வைத்திருக்கிறார், டீமிலேயே மூத்தவர்.

"ஏனுங்க, உங்க மச்சினர் இப்ப எந்த டீமுக்கும் ஆடறதில்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, தொண்டாமுத்தூரில் இருக்கிறான். தென்னந்தோப்பும் கொஞ்சம் காய்கறி விவசாயமும் பார்க்கிறான். ஒரு காலத்தில் மாவட்டம் முழுக்க அவனை வலது விங்கில் பார்க்காத மைதானம் கிடையாது. காலேஜ் டீம், பிறகு ஒரு மில் டீம், அதற்கப்புறம் கூப்பிடுகிற கிளப்புக்கெல்லாம் ஆடினான். இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தான். கடைசியாக ஆடிய கிளப்பும் கலைந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"வயசாயிருச்சுங்ளே" என்றான் கேப்டன். அவன் லேத் பட்டறையில் வேலை செய்பவன், இருபத்து நான்கு வயது. அடாவடியாகப் பேசத் தெரியாதவன். ஆனால் ஒன்றைச் சொன்னால் அதைவிட்டு இறங்கமாட்டான். என் பக்கம் திரும்பினான். "அண்ணன் தப்பா நெனைக்கக்கூடாதுங்க. அவரு பெரிய பிளேயர்தான், இல்லேங்கல. ஆனா விங்குல ஓடறதுக்கு ஆள் வேணும். பேரு ஓடாதுங்க."

"தொண்டாமுத்தூர்ல தோட்டத்துக்குள்ள ஆனை வந்தா ஓடறாருல்ல?" என்றார் கோல்கீப்பர்.

"ஆனை பின்னால வந்தா நானும் ஓடுவனுங்க. ஆனை நம்ம டீம்ல இல்லீங்ளே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எடுக்கலாம் என்று சொன்னால் சொந்தக்காரனுக்குப் பேசுகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அன்றைக்கு முடிவாகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. மூன்றாவது நாள் பேக்கரிக்காரரே, "எடுத்துத்தான் பாருங்களே" என்று கல்லாவிலிருந்து சொன்னார். அவருக்குப் பந்து சதுரமா உருண்டையா என்பதுகூடத் தெரியாது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். தம்பியென்றால் அவளுக்கு உயிர். உடனே சரியென்று சொல்லி, கேப்டனைத் திட்டவும் செய்வாள் என்று நினைத்தேன். அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாமுங்க" என்றாள்.

"ஏன்? நல்லாத்தான இருக்கறான்?"

"நல்லாத்தான் இருக்கறான். அதுக்குத்தான் வேண்டாங்கறேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி தொடையப் புடிச்சுட்டு ஒரு மாசம் கட்டில்ல கெடந்தானே, மறந்துபோட்டீங்களா? நான்தானே போயி ஆக்கிப்போட்டேன்."

தொடைக்குப் பின்னால் தசை கிழிந்து படுத்திருந்தான். அதைச் சொல்கிறாள். விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்று ஏதோ பேசிப் பார்த்தேன். தோசையைத் தட்டில் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க எல்லாம் அவன் ஆடறதப் பாத்தீங்க. கை தட்டுனீங்க. நான் ஒரு நாளாச்சும் பாத்திருக்கறனா? பொம்பளப் புள்ளைக்குக் கெரவுண்டுல என்ன சோலின்னு எங்கய்யன் வுடவே இல்ல. அப்புறம் கல்யாணம், தறி, கொழந்தைங்க. அவன் ஆட்டத்துக்குப் போறது தெரியும். திரும்பி வாரது தெரியும். மொழங்கால் வீங்கி வருவான், பல்லு ஒடஞ்சு வருவான். ரத்தம் ஒட்டுன சாக்ஸ ஊற வெச்சது நானு. எனக்குத் தெரிஞ்ச ஃபுட்பால் அதுதானுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அவளும் மற்றவர்களைப்போல எங்கேயாவது ஓரமாக நின்று பார்த்திருப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினனே வந்து நின்றான். கையில் ஒரு சாக்குப் பை நிறைய அவரைக்காயும் தக்காளியும். கோல்கீப்பர் அவனுக்குப் போன் போட்டிருக்கிறார் என்பது பையைக் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அக்கா அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்தான்.

"மாமா, நீங்க ஒண்ணும் எனக்காகப் பேச வேண்டாமுங்க. நானே வந்து ஓடிக் காட்டறேன். ஆகலீன்னா அவங்களே சொல்லட்டும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "காது கேக்குது சாமி. நான் செவுடு இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நாற்பது வயது ஆளுக்கு அக்காவிடம் அந்தப் பயம் இன்னும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்கு வந்தான். பழைய பூட்ஸ், புது லேஸ். கேப்டன் அவனோடு கைகுலுக்கி, "அண்ணா, ஒரு ஓட்டம் ஓடிப் பாத்தர்லாமுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். கோல் போஸ்ட்டிலிருந்து நடுக்கோடு வரை இரண்டு பேரும் ஓடினார்கள். கேப்டன் ஜெயித்தான். திரும்ப ஓடினார்கள். இந்த முறை வித்தியாசம் இன்னும் கூடியது. இன்னொரு முறை என்று மச்சினனே கேட்டான். அதிலும் தோற்றான். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான். முதுகில் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. கோல்கீப்பர் என்னைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார்.

எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு போனேன். மச்சினன் அதை வாங்கிக் குடிக்காமல் கேப்டனிடம் நீட்டினான்.

"நல்ல ஓட்டம் கண்ணு" என்றான். "நீ ஓடும்போது வலது கை வெளிய வீசுது. அது ஒண்ணும் குத்தமில்ல, பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

கேப்டன் கேனை வாங்கிக் குடித்தான். அப்புறம் எல்லோரும் பக்கம் பிரிந்து ஆடினார்கள். மச்சினன் சில நல்ல பந்து கொடுத்தான், சிலதை விட்டான். அசத்தினான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் இருந்த பக்கத்தில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. கிண்டல் பண்ணிக்கொண்டும் கூவிக்கொண்டும், தானே தவறவிட்ட பந்துக்குத் தன்னையே திட்டிக்கொண்டும் ஆடினான்.

பேக்கரியில் கேப்டனே பேசினான். "முழு ஆட்டம் முடியாதுங்க. அது அண்ணனுக்கே தெரியும். சப்ஸ்டிட்யூட்டா வரட்டும். ரெண்டாம் பாதில எறக்கலாம்."

"பாவம் பாத்து எடுக்கறியா?" என்றார் கோல்கீப்பர்.

கேப்டன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "தெரியலீங்க. அவரு கூட ஆடோணும்னு தோணுது. அவ்வளவுதானுங்க."

வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னேன். மனைவி தட்டைக் கழுவினாள், அடுப்பைத் துடைத்தாள். நான்தான் கேட்டேன், "நீயும் வால்பாறைக்கு வாரியா?"

"நான் எதுக்குங்க?"

"பாக்கறதுக்கு."

வேன் கிளம்புகிற அன்று காலையில் அவள் தயாராக இருந்தாள். புளிசாதம் கட்டியிருந்தாள், எல்லோருக்கும். ஒரு பையில் தைலமும் கிரேப் பேண்டேஜும் இருந்தன. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வந்து வளைவுகள் ஏற ஆரம்பித்ததும் கோல்கீப்பர் வாந்தியெடுத்தார். மச்சினன் பின்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பாடினான். அவனுக்குக் குரல் கிடையாது. யாரும் அதைச் சொல்லவில்லை.

மைதானம் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருந்தது. முந்தின நாள் மழையில் புல் வழுக்கியது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஜனங்கள் குடையும் கம்பளியுமாக வந்து மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். என் மனைவி அதைக் கவனித்துவிட்டு அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். நான் எலுமிச்சம்பழத்தோடு கோட்டோரம் நின்றேன்.

முதல் ஆட்டத்தில் இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கேப்டன் என்னைப் பார்த்துக் கையைச் சுழற்றினான். மச்சினன் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரம் பந்து அவன் பக்கமே வரவில்லை. பிறகு கேப்டன் நடுவிலிருந்து கோட்டோரமாக நீளமாக ஒன்று தள்ளினான். மச்சினன் ஓடினான்.

முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரன் வழுக்கினான். மச்சினன் அவனைத் தாண்டினான். தலையைத் தூக்கி, நெஞ்சை முன்னால் தள்ளி, கோட்டை ஒட்டியே போனான். மேட்டில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். கார்னர் கொடி வரை போய்ப் பந்தை உள்ளே வெட்டினான், வெட்டிய வேகத்தில் சேற்றில் சறுக்கிப் போய் விழுந்தான். கேப்டன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது.

நான் திரும்பி மேட்டைப் பார்த்தேன். மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கை தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அந்த ஒரு கோலிலேயே ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து கீழே இறங்கி வந்தவள் என் கையைப் பிடித்தாள். எல்லோர் முன்னாலும் அவள் அப்படிச் செய்வது வழக்கமில்லை.

"ஏனுங்க, இத்தன வேகமா ஓடுவானா அவன்?"

பழைய வேகத்தில் பாதிகூட அது இல்லை. இருபத்திரண்டு வயதில் அவன் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். மைதானமே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

"ஆமா. அப்படித்தான் ஓடுவான்" என்றேன்.

மறுநாள் அரையிறுதியில் நாங்கள் தோற்றோம். எஸ்டேட் டீம் எங்களைவிட எல்லா விதத்திலும் நன்றாக ஆடியது. மச்சினனுக்கு ஆட்டத்தின் கடைசியில் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. கோட்டுக்கு வெளியே மல்லாந்து படுத்தான். கேப்டன் அவன் பாதத்தைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். மனைவி தைலத்தோடு போய் நின்றாள்.

"திட்டப்போறியாக்கா?" என்று படுத்தபடியே கேட்டான்.

"காலக் காட்டுடா" என்றாள். தேய்த்துவிட்டுக்கொண்டே, "அந்த நெட்டையன் உன்னைய ரெண்டு தடவ தள்ளுனான். ரெஃப்ரி பாக்கவே இல்ல. நீ ஏன்டா சும்மா இருந்தே?" என்று கேட்டாள். கேப்டன் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான்.

இந்த வருஷமும் பேக்கரியில் அதே பேச்சு வந்தது. கேப்டன் மச்சினன் பக்கம் நின்று வாதாடினான். பேச்சு முடிவதற்கு முன்பே மச்சினனிடமிருந்து பதில் வந்துவிட்டது. அந்த வாரம் அவன் வீட்டுக்கு வந்து, முதலில் அக்காவிடம்தான் சொன்னான்.

"போதுமுங்கக்கா. காலைல எந்திரிச்சா மொழங்கால் மடங்க நேரமாகுது. தோட்டத்துல வேலை கெடக்குது."

அவளுக்குக் கோபம் வந்தது. இன்னொரு வருஷம் ஆடினால் என்ன என்று கேட்டாள். நானும் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். அவன் நெடுநேரம் சமாதானம் சொன்னான். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவள் வாசல்வரை வந்து, வண்டியின் பின்சீட்டில் அவன் குழந்தைகளுக்கு முறுக்கு டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். அவன் கிளம்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

வலது விங்கில் இப்போது சூலூரிலிருந்து ஒருவன் வருகிறான். நல்ல வேகம், ஆனால் இடது காலே இல்லாதவன் மாதிரி ஆடுகிறான். இதைச் சொன்னது நானில்லை. சனிக்கிழமைகளில் தறியை நிறுத்திவிட்டு என்னோடு மைதானத்துக்கு வருகிற என் மனைவி சொன்னது.