கிளடிஸ் கட்டுமரம் ஏறிய நாள்

கார் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் கிளடிஸ் வீதியில் இறங்கமாட்டாள். ஸ்ரொப் என்று எழுதிய சிவப்புப் பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி சாரதியின் கண்ணைத் தேடுவாள். அந்தக் கண் தன்னைப் பார்க்கிறதா, மடியில் கிடக்கும் போனைப் பார்க்கிறதா என்று தெரியும்வரை, பின்னால் நிற்கும் பிள்ளைகளை மறுகையால் மறித்துக்கொண்டு நிற்பாள். "கார் நிண்டாப் போதாது மோனை. உள்ளை இருக்கிற ஆளும் நிக்கவேணும்" என்பாள். ஸ்காபரோவில் அந்தப் பள்ளிக்கூடத்துச் சந்தியில் பிள்ளைகளை வீதி கடக்கவைப்பதுதான் அவளுடைய வேலை. பின்னால் வரிசையாக நிற்கும் கார்கள் ஹோர்ன் அடிக்கும். அதற்கெல்லாம் அவள் அசைவதில்லை.

அசையாமல் நிற்பது சந்தியில் மட்டும்தான். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கியவள் திரும்பிப் போய்க் குமிழ் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாள். கடைத்தொகுதி லிஃப்டில் ஆட்கள் கூடினால் அடுத்ததுக்கு நிற்பாள். நெடுஞ்சாலையில் கணவர் ஜெயரட்ணம் கார் ஓட்ட, பக்கத்துச் சீற்றிலிருந்து இவள் காலால் பிறேக் அடிப்பாள். அந்தப் பக்கத்துக் கால்விரிப்பில் வலது பாதம் படுகிற இடம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. மகள் தனுஷிகா ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போன நாளிலிருந்து, பனி கொட்டும் என்றால் ஸ்ரௌவ்வில்லின் வானிலையைப் பார்த்த பிறகுதான் தன் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள்.

"அன்ரி சண்டையிலை கனக்கக் கண்டிருப்பா, அதுதான்" என்று தெரிந்தவர்கள் அனுதாபமாகச் சொல்வதுண்டு. கிளடிஸ் அதை ஒத்துக்கொள்வதில்லை. "இல்லைப் பிள்ளை, நான் சின்னனிலையே உப்பிடித்தான். சண்டை வந்தாப்போலை மற்றவையும் என்னை மாதிரி வந்திட்டினம், அவ்வளவுதான்" என்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜெயரட்ணத்துக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். அதோடு அவளுடைய பயங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்துவிட்டன. பிறம்ரனில் களஞ்சிய வேலை செய்து பெட்டிகளை ஏற்றி இறக்கிய மனிதர், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். பனி தள்ளும் சவளைக் கிளடிஸ் நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். மரக்கறிப் பையைக்கூடத் தூக்கவிடவில்லை. முதல் சில மாதங்கள் அவர் சண்டை பிடித்தார். பிறகு விட்டுவிட்டார். கொடுத்ததைச் சாப்பிட்டார், சொன்ன நேரத்துக்குப் படுத்தார், ஒன்றும் கேட்பதில்லை. அவர் கேட்காமல் விட்டது கிளடிஸுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் சந்தியில் வேலை இல்லை. தனுஷிகா கேட்காமலே டொமினிக்கன் கடற்கரை ஹொட்டல் ஒன்றுக்கு ரிக்கற் போட்டுவிட்டாள். "அம்மா, just go. சாப்பாடு எல்லாம் அங்கேயே. நீங்கள் சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது கிளடிஸுக்குத் தெரியாத வேலை. ஹொட்டலில் தென்னோலைக் குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, நீச்சல்குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் நிற்கும் கணவரின் தலையைப் பார்த்தபடியே நாட்களைக் கழித்தாள். அப்போதுதான் ஒரு காலை, சாப்பாட்டு மேசையில் ஜெயரட்ணம் இரண்டு வர்ணக் கைப்பட்டிகளை எடுத்து வைத்தார். அவைதான் ரிக்கற். அடுத்த நாள் முழுவதும் கற்றமரான் பயணம். நடுவில் பவளப்பாறையருகே நீச்சல், பிறகு ஒரு தீவின் கடற்கரை, மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் திரும்புதல்.

"கற்றமரான் எண்டா என்ன?"

"எங்கடை கட்டுமரம்தான். வெள்ளைக்காரன் பேரையும் சேத்துக் கொண்டுபோய்ப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறான்."

"கட்டுமரத்திலை போனவை எல்லாரும் திரும்பி வந்தவையே?"

ஜெயரட்ணம் ஊரில் குருநகர்க் கடலோரத்தில் பிறந்தவர். கைப்பட்டியைத் தன் மணிக்கட்டில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் கிளடிஸ் மறந்துபோன ஒரு சந்தோஷம் தெரிந்தது. அவள் தன்னுடையதையும் மாட்டிக்கொண்டாள்.

படகு வெள்ளையாக இருந்தது. இரண்டு நீண்ட மிதவைகள், அவற்றின்மேல் ஒரு தட்டு. முன்பக்கம் தட்டும் இல்லை, வெறும் வலை. வலையின் கண்களுக்குக் கீழே கடல் ஓடிக்கொண்டிருந்தது. "இதுக்கு அடி இல்லையே?" என்று கிளடிஸ் கேட்டது பாட்டுச் சத்தத்தில் எவர் காதிலும் விழவில்லை. உட்காரும் வாங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் தானே திறந்து உயிர்காப்பு அங்கி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டாள். படகு இன்னும் துறையைவிட்டு அவிழ்க்கப்படவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் அவளுடைய முணுமுணுப்பைக் கேட்டுத் தமிழில் பேசினாள். பெயர் ரிஸ்னா, பிறம்ரனிலிருந்து கணவரோடும் பிள்ளைகளோடும் வந்தவள். "பயப்படாதீங்க அன்ரி. இவங்க ஒவ்வொரு நாளும் போய் வாறவங்கதானே."

"ஒவ்வொரு நாளும் போறவைக்குத்தான் பிள்ளை கவனம் குறையும்" என்றாள் கிளடிஸ்.

கரை மெலிந்து, பிறகு இல்லாமல் போனது. பிளாஸ்ரிக் கோப்பைகளில் ரம் சுற்றி வந்தது. பணியாளர்கள் ஆடினார்கள், பயணிகளையும் இழுத்து ஆடவைத்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் இடது மிதவை ஒரு தரம் ஏற, வலது மிதவை ஒரு தரம் இறங்க, கிளடிஸ் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்வதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பவளப்பாறையருகே படகு நின்றது. மிதவைகள் கட்டிய ஒரு நீளமான கயிற்றைக் காட்டி, அதற்கு இப்பால் மட்டும் நீந்தும்படி சொன்னார்கள். ஆட்கள் பொத்துப்பொத்தென்று குதித்தார்கள். ஜெயரட்ணம் சேர்ட்டைக் கழற்றினார். நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடிய தழும்பு அந்த வெயிலில் புதிதுபோல் சிவந்திருந்தது.

"ஒருக்கா, கிளடி. ஒரேயொருக்கா."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் கேட்டிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் வாய்திறந்து ஒன்று கேட்டிருந்தார்.

"கயித்துக்கு அங்காலை போகாதேங்கோ" என்றாள்.

எல்லோருக்கும் வாயால் ஊதி நிரப்பும் மஞ்சள் அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை ஊதாமலே மாட்டிக்கொண்டு, நீச்சல் கண்ணாடியை முகத்தில் இறுக்கிக்கொண்டு, தலைகீழாகப் பாய்ந்தார். வெளியே வந்தபோது சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டது.

பிறகு தண்ணீரிலிருந்து சத்தம் இல்லை. மூச்சுவிடும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, முதுகைக் காட்டியபடி எல்லோரும் மிதந்தார்கள். அடியிலே மீன் பார்க்கிறார்களாம். குப்புற மிதக்கிறவர்களைக் கிளடிஸ் அதற்கு முன் ஊரில் கண்டிருக்கிறாள். அவர்கள் மீன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தாள். கணவரின் வழுக்கையில் வெயில் பட்டு மின்னியது. அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களைப் பார்க்கவில்லை, இமைக்கப் பயந்தாள்.

அந்த வழுக்கை மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டு போனது. முதலில் அவள் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள். பிறகு பார்த்தால், கயிறு அவருக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

தூரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"அங்கிள் கை காட்டுறார் அன்ரி, பாருங்க!" ரிஸ்னா சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தாள்.

அது அசைந்த கை இல்லை. நேராக உயர்ந்தது, பாரம் தாங்காததுபோல் விழுந்தது. இரண்டாம் தரம் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஐயோ, அவர் தாழுறார்!" கிளடிஸ் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. தட்டின் நடுவில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு பணியாளர் கோப்பையைத் தலையில் வைத்து ஆடிக்காட்ட, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மறுபடி கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கடல் தொடங்கியதிலிருந்து விடாமல் பிடித்திருந்த கம்பியை விட்டாள். ஆடுகிறவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய், ஸ்பீக்கருக்குப் போகும் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

திடீரென்று கடலின் சத்தம் மட்டும் இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "மை ஹஸ்பண்ட்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். அதற்குமேல் இங்கிலீசும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நீட்டிய கையை மடக்கினால் அந்த இடம் தொலைந்துவிடும் என்பதுபோல் நீட்டியபடியே நின்றாள். ரிஸ்னாதான் அவளுக்குப் பதிலாக இங்கிலீசில் கத்தினாள். கோப்பையைத் தலையில் வைத்திருந்த அந்த மனிதரே முதலில் பாய்ந்தார். இன்னொருவர் ரப்பர்ப் படகை அவிழ்த்தார்.

அவர்கள் போய்ச் சேரும்வரை கிளடிஸின் கை இறங்கவில்லை. அவளுடைய மனம் அதற்குள் சவப்பெட்டி தேர்ந்து, விமானத்தில் ஏற்றி, ஸ்காபரோத் தேவாலயத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது. தனுஷிகா வாசலில் நின்று, "நீங்கள் ஏனம்மா விட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ரப்பர்ப் படகின் விளிம்பில் ஒரு மஞ்சள் அங்கி தூக்கிப் போடப்படுவது தெரிந்தது. அங்கிக்குள்ளே இருந்த ஆள் இருமினார்.

ஏற்றிக் கிடத்தியபோது உதடு சாம்பல் நிறமாக இருந்தது. கடலைக் கடலாகவே வாந்தி எடுத்தார். கிளடிஸ் தட்டிலே தவழ்ந்து போய், அவருடைய தலையை எடுத்து மடியில் வைத்தாள்.

"காலிலை நரம்பு இழுத்துப்போட்டுது" என்றார் ஜெயரட்ணம்.

"ஏன் அந்தச் சட்டையை ஊதேல்லை?"

"மூச்சு இருந்தாத்தானே ஊத."

தீவில் ஒரு முதலுதவி நிலையம் இருந்தது. அங்கே இருந்த தாதி பிறஷர் பார்த்தாள், நாடி பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள். இப்போதைக்குப் பயமில்லை, இரவு ஹொட்டல் டொக்டரிடம் கட்டாயம் காட்டவேண்டும் என்றாள். படகு திரும்பும்வரை நிழலில் இருக்கச் சொன்னாள்.

அப்படித்தான் கிளடிஸ் அந்தக் கடற்கரையைக் கண்டாள். மா அரித்ததுபோல் வெள்ளை மணல். தெளிந்த பச்சைத் தண்ணீர். அதைப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடலை முதுகால் கேட்பது இன்னும் மோசமாக இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை. திரும்பிப்போவதற்கும் அதே படகுதான், அதே தண்ணீர்தான்.

போன் அடித்தது. தனுஷிகா.

ஜெயரட்ணம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "பிள்ளையிட்டைச் சொல்லாதை. சொன்னியெண்டா இனி என்னைக் குளிக்கவும் விடமாட்டாள்."

"நானும் விடமாட்டன்" என்றாள் கிளடிஸ். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சின்னத் தும்மலுக்கும் ஸ்ரௌவ்வில்லுக்குப் போன் போடுகிறவள் அவள். எந்த ஆபத்தையும் மறைத்துப் பழக்கமில்லை, அவளைப் பொறுத்தவரை சொல்லாத ஆபத்து இரண்டு மடங்கு ஆபத்து. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில், ஒன்றும் கேட்காமல் சோபாவில் கிடந்த அந்த இரண்டு வருடத்து மனிதர் மறுபடி வந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டாள்.

போனை எடுத்தாள். "ஓம் பிள்ளை. வந்து சேந்திட்டம். கடல் நல்ல வடிவு. அப்பாவோ? அப்பா நீந்தினவர். நல்லாய் நீந்தினவர். இப்ப களைச்சுப்போய் இருக்கிறார்... ஓம், நான் கவனமாய்த்தான் இருக்கிறன். வைக்கிறன்."

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"நீ பொய் சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியாது" என்றார் ஜெயரட்ணம்.

"எனக்கும் தெரியாது."

பின்னேரம் படகு திரும்பியது. பிடுங்கிய வயரை யாரோ பொருத்தியிருந்தார்கள். பாட்டு மறுபடி கேட்டது, சற்றுத் தணிவாக. ஜெயரட்ணம் நிழல் பக்கத்து வாங்கில், அவள் கட்டிவிட்ட அங்கியோடு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். காற்று கிளம்பியிருந்தது, மிதவைகள் காலையைவிட உயரமாக ஏறி இறங்கின. வெயிலில் கறுத்த முகங்களோடு ஆட்கள் மறுபடியும் ஆடத் தொடங்கினார்கள். ரிஸ்னா வந்து, "கொஞ்ச நேரம் நான் பார்க்கிறன் அன்ரி, நீங்க சாய்ஞ்சு இருங்க" என்றாள்.

கிளடிஸ் தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு கை கம்பியில் இருந்தது. மறுகையின் சுட்டுவிரலைக் கணவரின் மூக்குக்குக் கீழே பிடித்திருந்தாள். படகு ஆடும்போது விரலும் சேர்ந்து ஆடியது. காற்று ஒரு பக்கத்தால் அடித்தது, எது கடல்காற்று எது அவருடைய மூச்சு என்று பிரிப்பது கஷ்டமாக இருந்தது.

ஜெயரட்ணம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உயிரோடைதான் கிடக்கிறன், கிளடி."

"ஓம், ஓம். நீங்கள் படுங்கோ" என்றாள். விரலை எடுக்கவில்லை.