சின்ன கேபினெட்டும் சாம்பிராணிப் புகையும்

பழைய கம்ப்யூட்டரைச் சின்ன கேபினெட்டுக்கு மாற்றுவதற்காக, இன்று புதுக்கோட்டையில் அந்தப் பெட்டியும் அதற்கு இரண்டு ஃபேனும் வாங்கினேன்.

"மாட்டித் தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேற வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு, கீரமங்கலம் பஸ் ஏறினேன்.

வீட்டில் நானே மாட்டி ஆன் செய்தேன். புதுப்பொருள் ஆயிற்றே என்று அம்மா பொட்டு வைத்து, பெட்டிக்கு முன்னால் சாம்பிராணி காட்டினார்.

உள்ளே போகவேண்டிய புகை அப்படியே அம்மா முகத்தில் அடித்தது. முன்பக்க ஃபேனைத் திசை மாற்றி மாட்டியிருந்தேன்.

"என்னடா, ஒன் பெட்டி என் மூஞ்சிலயே துப்புது?" என்று இருமினார்.

கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன். மறுபடியும் சாம்பிராணி காட்ட வேண்டுமாம், சாமிக்கு.

எனக்கும் வேண்டும், ஃபேனைச் சோதிக்க.

உங்கள் வீட்டில் காற்றோட்டம் பார்ப்பது யார்?