மூக்கைத் தூக்கிய கார்

முத்தியால்பேட்டையில் காலை வெயில் இப்போதுதான் ஏறுகிறது. சேலத்திலிருந்து நான் ஓட்டிவந்த பழைய காரில்தான் நண்பர் மகள் ஸ்டெல்லா மணப்பெண்ணாக மாதா கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறாள். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, டேஷ்போர்டுக்குள் யாரோ சொம்புத் தண்ணீரைச் சாய்க்கிறார்கள்: களக், களக்! கோயில் இருக்கும் அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை காத்திருக்கிறார். வழியில் இன்ஜின் கொதித்து நின்றால் கல்யாணமே நின்றுபோகும்.

மெக்கானிக் செல்வத்தின் கடைமுன் நிறுத்துகிறேன். அவர் காதை வைத்ததும் சத்தம் ஒளிந்துகொள்கிறது.

"எப்படித்தான் கத்துது?"

முக்காட்டை விலக்கி ஸ்டெல்லாவே கத்திக் காட்டுகிறாள். தெருவே சிரிக்கிறது.

"ரேடியேட்டர்ல கூலன்ட் தண்ணி மாத்துனீங்களா சார்?"

"நேத்து இங்க வந்ததும், நானேதான்."

"அதான் உள்ள காத்து மாட்டிக்கிச்சு. வண்டி மூக்கத் தூக்கி நிறுத்துனா மேல ஏறிப் போயிடும்."

தட்டையான இந்த ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? எதிர்வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றும் சரிவில் முன்சக்கரங்களை ஏற்றுகிறோம். சண்டைக்கு வந்த வீட்டுக்காரம்மா, மணப்பெண்ணைக் கண்டதும் குடை பிடிக்கிறார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், குமிழி குமிழியாக ஏப்பம் வருகிறது. ஒவ்வோர் ஏப்பத்துக்கும் கைதட்டுகிறோம். கடைசிக் குமிழியும் உடைகிறது. செல்வம் கூலன்ட் ஊற்றி மூடுகிறார். காருக்குள் அப்படியோர் அமைதி.

"இப்ப என் வயித்துக்குள்ள கேக்குதுண்ணா அந்தச் சத்தம்" என்கிறாள் ஸ்டெல்லா.

"அதுக்கு மெக்கானிக் நான் இல்லம்மா. அவரு கோயில்ல கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு. வண்டிய எடுங்க சார்!"